ஸ்ட்ரீமிங் ஆம்ப் வாங்கலாமா? இணையத்தைப் பிடுங்கிவிட்டுச் சோதியுங்கள்

கேள்வி இதுதான். பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு. ஹால் 12 அடிக்கு 18 அடி. கையில் பழைய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு சோடி இருக்கிறது. அதன் முதுகில் 6 ஓம், 86 டெசிபெல் என்று போட்டிருக்கிறது. ஓட்டிக்கொண்டிருந்த ஆம்ப் படுத்துவிட்டது. பாட்டுக்கு ஸ்போட்டிஃபையும் யூடியூப் மியூசிக்கும், டிவியில் ஆஸ்ட்ரோ. அம்மாவும் தானாகப் போட்டுக் கேட்கும்படி இருக்க வேண்டும். 3,000 ரிங்கிட்டுக்குள் ஸ்ட்ரீமர் (இணையத்திலிருந்து பாட்டை இழுப்பது), டிஏசி (டிஜிட்டல் தரவை ஒலிச் சிக்னலாக்குவது), ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டுவது) மூன்றும் ஒரே பெட்டியில் வருவதை வாங்குவதா, தனித்தனியாகச் சேர்ப்பதா?

உங்கள் வீட்டுக்கு ஒரே பெட்டி போதும், வாங்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இணையம் இல்லாவிட்டாலும், கம்பெனி தன் செயலியைக் கைவிட்டாலும், அந்தப் பெட்டி வெறும் ஆம்ப்பாக நின்று வேலை செய்ய வேண்டும். இதில் தேறாத பெட்டியை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

காரணம் எளிது. ஆம்ப் என்ற சாமான் 20 வருடம் உழைக்கும். கெபாசிட்டர் போனால் மாற்றலாம், பிசிறடிக்கும் வால்யூம் கன்ட்ரோலைச் சுத்தம் செய்யலாம். அதே பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஸ்ட்ரீமிங் போர்டு அப்படி இல்லை. அதன் ஆயுளை அந்தக் கம்பெனியின் சர்வரும் செயலியும் முடிவு செய்கின்றன. சோனோஸ் கம்பெனி 2015 வரை விற்ற கனெக்ட் ஆம்ப் உட்படப் பல பழைய பெட்டிகளுக்கு 2020 மே மாதத்தோடு புது மென்பொருள் கிடையாது என்று அறிவித்தது. அவை பழைய செயலியோடு தனியே ஒதுக்கப்பட்டன. அதே கம்பெனி 2024 மே மாதம் செயலியை அடியோடு மாற்றியபோது, அதுவரை இருந்த பல வசதிகள் காணாமல் போயின. வாடிக்கையாளர் கொந்தளிப்பு அடங்கவேயில்லை. 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகியே விலகினார். கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015இல் வந்தது, 2019இல் விற்பனை நின்றது. 2025 மார்ச்சில் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால் உலகம் முழுக்க அவை ஒரே நாளில் ஊமையாகின. கூகுள் சில நாட்களில் சரிசெய்தது என்பது வேறு விஷயம். போஸ் கம்பெனியும் 2013இல் தொடங்கிய சவுண்ட்டச் வரிசைக்கான கிளவுட் சேவையை 2026இல் நிறுத்துவதாக அறிவித்தது. இவை எதிலும் ஹார்டுவேர் கெடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதனால் கடையில் இப்படிச் சோதியுங்கள். டெமோ பெட்டியின் லேன் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள், வைஃபையையும் அணைக்கச் சொல்லுங்கள். பிறகு பெட்டியை ஒருமுறை முழுதாக அணைத்துப் போடுங்கள். இப்போது ரிமோட்டாலோ முகப்பில் உள்ள குமிழாலோ இன்புட்டை மாற்ற முடிகிறதா? வால்யூம் கூடிக் குறைகிறதா? டிவியிலிருந்து வரும் சத்தமும், சிவப்பு வெள்ளை ஆர்சிஏ கேபிளில் வரும் சத்தமும் கேட்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், பத்து வருடம் கழித்து உள்ளே இருக்கும் ஸ்ட்ரீமர் செத்தாலும் அன்றைக்கு வரும் ஒரு சின்ன ஸ்ட்ரீமரைப் பின்னால் செருகி ஓட்டிக்கொண்டே இருக்கலாம். இணையத்தை மீண்டும் இணைத்த பிறகு உங்கள் அம்மாவுக்காக இன்னொரு சோதனை: கைப்பேசியைத் தேடாமல், ஒரு ரிமோட்டில் அவர் மின்னல் எஃப்எம்மோ ராகாவோ வைக்க முடிய வேண்டும். வானொலி அலைவரிசைகளை ரிமோட்டில் உள்ள எண் பொத்தான்களில் பதிந்து வைக்கும் வசதி சில பெட்டிகளில் உண்டு. பெட்டியில் உள்ள இணைய வானொலிப் பட்டியலில் இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று கடையிலேயே தேடிப் பார்த்துவிடுங்கள்.

இனி வாட் கணக்கு. இதில்தான் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், அல்லது தேவையில்லாமல் செலவழிக்கிறார்கள்.

86 டெசிபெல் என்றால் 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்த சத்தம். நீங்கள் உட்காருவது சுமார் 3 மீட்டரில். வெட்டவெளியில் அந்தத் தூரத்துக்கு 9 டெசிபெல்லுக்கு மேல் குறையும்; சுவர் எதிரொலிக்கும் ஹாலில் ஏறக்குறைய 6 குறையும் என்று வையுங்கள். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து 3 டெசிபெல்லைத் திருப்பிக் கொடுக்கும். ஆக 1 வாட்டில் சோஃபாவில் 83 டெசிபெல். வாட் இரட்டிக்க இரட்டிக்க 3 டெசிபெல் கூடும். பத்து மடங்குக்கு 10 டெசிபெல். அப்படியென்றால் 10 வாட்டில் 93, 60 வாட்டில் 100ஐ ஒட்டி வரும். வீட்டில் நிதானமாகப் பாட்டுக் கேட்பது சராசரியாக 70 முதல் 75 வரை. தவில் அடி, மிருதங்கத்தின் தொப்பி, சினிமாவில் வெடிச்சத்தம் போன்ற உச்சங்கள் சராசரிக்கு 20 டெசிபெல் மேலே போகும், அதாவது 95. அதற்குச் சுமார் 16 வாட் போதும். 60 வாட் பெட்டி உங்கள் ஹாலுக்குத் தாராளம். 150 வாட்டுக்குக் கூடுதல் காசு கொடுத்தால் கிடைப்பது 4 டெசிபெல்தான், அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டும் அளவில் கேட்காத வரை அது பயன்படாது.

கணக்கு மாறும் இடம் ஒன்று உண்டு. ஸ்பீக்கர் 4 ஓம், 83 டெசிபெல் என்று இருந்தாலோ, தாமான் வீட்டில் கூடமும் சாப்பாட்டு அறையும் சேர்ந்து நீண்டு கிடந்தாலோ, சின்னப் பெட்டி திணறும். திணறல் முதலில் பாஸில் தெரியாது. சத்தம் கூட்டும்போது குரல் கூர்மையாகி, ஜால்ரா காதைக் குத்தத் தொடங்கும். அதைக் கேட்டுவிட்டுப் பலர் ஸ்பீக்கரைப் பழிக்கிறார்கள்.

அட்டையில் அச்சடித்த வாட்டை அப்படியே நம்பவும் கூடாது. பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளில் 300 வாட் என்றெல்லாம் போட்டிருக்கும். உண்மையை அடாப்டரே சொல்லிவிடும். இன்றைய கிளாஸ் டி பெட்டிகள் (அதிகம் சூடாகாத சின்ன வகை ஆம்ப்புகள்) பெரும்பாலும் பிரிட்ஜ் முறையில், அதாவது ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் சிக்னல் கொடுத்து இயங்குபவை. அவற்றில் ஒரு ஸ்பீக்கருக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச வாட்டைக் கணக்கிட, அடாப்டரின் வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரு மடங்கால் வகுத்தால் போதும். 24 வோல்ட் அடாப்டர், 8 ஓம் ஸ்பீக்கர்: 576ஐ 16ஆல் வகுக்க 36 வாட். 32 வோல்ட் என்றால் 64 வாட். நடைமுறையில் இதற்கும் கொஞ்சம் கீழேதான். அடாப்டரில் ஆம்பியரும் பாருங்கள்: 24 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் மொத்தப் பெட்டிக்கே 72 வாட்தான் உள்ளே வருகிறது. அதிலிருந்து 300 வாட் எங்கிருந்து வெளியே வரும்?

நம்பத்தக்க எண் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வீம் ஆம்ப் 2023இல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்தது: 8 ஓமில் 60 வாட், 4 ஓமில் 120 வாட். சோனோஸ் ஆம்ப் 2019இல் 599 டாலருக்கு வந்தது: 8 ஓமில் 125 வாட். புளூசவுண்ட் பவர்நோட் 80 வாட். மராண்ட்ஸ் மாடல் எம்1 100 வாட். விலையில் இவற்றுக்கு மேலே கேம்பிரிட்ஜ் ஆடியோவின் ஈவோ, நெய்மின் யூனிட்டி ஆட்டம் போன்றவை இருக்கின்றன. ஆட்டம் 8 ஓமில் 40 வாட்தான் தருகிறது என்பதைப் பாருங்கள். விலைக்கும் வாட்டுக்கும் நேர் உறவு இல்லை. ரிங்கிட் விலை வாரத்துக்கு வாரம் ஆடுவதால் இங்கே எழுதுவதில் பயனில்லை. என் கணிப்பைக் கேட்டால், உங்கள் வரவுசெலவில் வீம் வகைப் பெட்டியே சரி. ஐயாயிரம், ஆறாயிரம் ரிங்கிட்டைத் தாண்டிவிட்டால் ஒரே பெட்டி என்ற யோசனையையே நான் ஆதரிக்க மாட்டேன். அந்தத் தொகையில் நல்ல ஆம்ப் ஒன்றைத் தனியே வாங்கி, ஸ்ட்ரீமரை மட்டும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வது அறிவுடைமை. சீக்கிரம் கிழடாகும் பாகத்தை, நீண்ட நாள் உழைக்கும் விலையுயர்ந்த பாகத்தோடு சேர்த்து ஆணியடித்துவிடக் கூடாது.

யூடியூப் மியூசிக் நீங்கள் கேட்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள். பழைய தமிழ்த் திரைப்பாடல்களிலும் நம் மலேசியக் கலைஞர்களின் பாடல்களிலும் கணிசமானவை அங்கேதான் எளிதாகக் கிடைக்கின்றன. அதைத் தரம் குறையாமல் பெட்டிக்கு அனுப்ப, பெட்டியில் கூகுள் காஸ்ட் வசதி இருக்க வேண்டும், அல்லது சோனோஸ் போல அந்தச் சேவையே செயலிக்குள் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் புளூடூத்தான் கதி (ஐஃபோனுக்கு மட்டும் ஆப்பிளின் ஏர்பிளே என்ற வழியும் உண்டு). புளூடூத்தில் பாட்டு கைப்பேசி வழியாகவே ஓடுவதால், வாட்ஸ்அப் தகவல் வந்தால் அந்த 'டிங்' ஒலியும் ஸ்பீக்கரில் வரும். அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும். கைப்பேசியை எடுத்துக்கொண்டு கீழே கடைக்குப் போனால் வீட்டில் பாட்டும் போய்விடும். காஸ்ட் முறையில் பெட்டி தானே இணையத்திலிருந்து பாட்டை இழுத்துக்கொள்ளும். கைப்பேசி வெறும் ரிமோட். ஸ்போட்டிஃபை கனெக்ட்டும் அப்படித்தான்.

ஐஃபோன் வீடாக இருந்தால் ஏர்பிளே உண்டா என்று மாடல் பெயரை வைத்துத் தனியாகக் கேளுங்கள். வீம் ஆம்ப்பில் ஏர்பிளே 2 உண்டு. அதற்கு அடுத்து வந்த, பெயரில் 'புரோ' சேர்ந்த மாடலில் இல்லை. புதியது என்பதால் பழையதில் உள்ளது எல்லாம் இருக்கும் என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

அடுத்தது டிவி. டிவியின் பின்னால் 'ஆர்க்' என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையிலிருந்து ஆம்ப்புக்கு ஒரே கேபிள். டிவி ரிமோட்டிலேயே ஆம்ப்பின் வால்யூம் கூடிக் குறையும், டிவியை அணைத்தால் ஆம்ப்பும் தூங்கும். அம்மாவுக்கு இதைவிட எளிய வழி இல்லை. வழக்கமாக இங்கே வரும் கோளாறு: படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. காரணம், டிவி டால்பி வடிவத்தில் ஒலியை அனுப்புகிறது. இரண்டு சேனல் ஆம்ப்புகள் பலவற்றுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. டிவியின் சத்த அமைப்பில் டிஜிட்டல் ஆடியோ வெளியீட்டை 'பிசிஎம்' என்று மாற்றுங்கள். ஆஸ்ட்ரோ பெட்டியின் அமைப்பிலும் டால்பியை எடுத்துவிடுங்கள். அதன் பிறகும் வால்யூம் மட்டும் டிவி ரிமோட்டுக்கு மசியவில்லை என்றால் டிவியில் சிஇசி வசதி (ஒரு ரிமோட்டால் எச்டிஎம்ஐ வழியே மற்ற கருவியையும் ஓட்டுவது) அணைந்திருக்கும். ஒவ்வொரு டிவி கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. 'லிங்க்' அல்லது 'சிங்க்' என்று முடியும் சொல்லைத் தேடினால் பெரும்பாலும் அகப்படும்.

எச்டிஎம்ஐயைப் பரிந்துரைத்துவிட்டு, நம் நாட்டுக்கே உரிய ஓர் ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. இடி. உலகில் இடி மின்னல் அதிகம் உள்ள பகுதிகளில் தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையும் ஒன்று. கூரையில் ஆஸ்ட்ரோ தட்டு. அதிலிருந்து செம்புக் கேபிள் டிகோடருக்கு. டிகோடரிலிருந்து எச்டிஎம்ஐ டிவிக்கு. டிவியிலிருந்து எச்டிஎம்ஐ உங்கள் புது ஆம்ப்புக்கு. பக்கத்தில் எங்கேயோ இடி விழுந்து கேபிளில் ஏறும் மின்னழுத்தம் இந்தப் பாதை முழுக்க உலோகத்திலேயே பயணம் செய்யும். சுவர் பிளக்கில் சர்ஜ் புரொடெக்டர் போட்டிருந்தாலும் இந்தப் பாதையை அது காப்பதில்லை. எச்டிஎம்ஐ துளை மட்டும் செத்து, மற்றதெல்லாம் நன்றாக இயங்கும் டிவிகளும் ஆம்ப்புகளும் பழுதுபார்க்கும் கடைகளுக்கு வருவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

இதற்கு மாற்று மிக மலிவானது: ஆப்டிகல் கேபிள். அது பிளாஸ்டிக் இழையில் ஒளியாகச் சத்தத்தை அனுப்புகிறது, மின்சாரம் அதில் கடக்காது. தட்டுக் கேபிளின் வழியாக வரும் 'ம்ம்ம்' என்ற ஹம் சத்தமும் அதோடு ஒழியும். இழப்பு என்னவென்றால் டிவி ரிமோட்டில் வால்யூம் போகாது, ஆம்ப்பின் ரிமோட்டைக் கையில் எடுக்க வேண்டும். கூரையில் தட்டுள்ள தாமான் வீடுகளுக்கு ஆப்டிகல்தான் என் தேர்வு. உயரமான அடுக்குமாடியில், தட்டு இல்லாமல் ஆஸ்ட்ரோவை இணையம் வழியாகவே பார்ப்பவராக இருந்தால் தயங்காமல் எச்டிஎம்ஐ போடுங்கள். எப்படியானாலும், வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடும் நம் வீட்டுப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். சுவிட்சை அணைப்பது போதாது.

'ஃபோனோ' பற்றிச் சுருக்கமாக: இசைத்தட்டு சுழற்றும் எண்ணம் இருந்தால், பெரும்பாலான இந்தப் பெட்டிகளில் ஃபோனோ இன்புட் கிடையாது. தனி ஃபோனோ பிரீஆம்ப் வாங்க வேண்டும், அல்லது அது உள்ளேயே உள்ள டர்ன்டேபிள் வேண்டும். நேராகச் செருகினால் சத்தம் மிகக் குறைவாகவும் பாஸ் இல்லாமல் சூம்பியும் கேட்கும்.

சப்வூஃபர் பிறகு சேர்க்க நினைத்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: சப் போட்டபின் பெட்டி பிரதான ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஆழ்ந்த பாஸை வெட்டுமா? வெட்டும் பெட்டியில் 80 ஹெர்ட்ஸை ஒட்டிப் பிரித்துவிட்டால், உங்கள் சின்ன ஸ்பீக்கரின் சுமை பெரிதும் குறைந்து, குரல் தெளியும். வெட்டாத பெட்டியில் சப் வெறுமனே மேலே ஒட்டிக்கொள்கிறது.

இனி மறுபக்கம்: தனித்தனியாக வாங்குவது. படுத்த ஆம்ப்பைச் சீர்செய்ய முடியும் என்றால் அதுவே முதல் வழி. பழுதுபார்ப்பவரிடம் காட்டி, விலை 300, 400 ரிங்கிட்டுக்குள் என்றால் சீர்செய்துவிட்டு, ஒரு ஸ்ட்ரீமரை மட்டும் சேருங்கள். 2021இல் வெறும் 99 டாலருக்கு வந்த வீம் மினி போன்ற பெட்டிகள் இந்த வேலைக்கென்றே பிறந்தவை. கோலாலம்பூர்க்காரர்களுக்கு புடு ஜாலான் பாசார் வட்டாரத்தில் உதிரி பாகமும், அதைப் பொருத்தத் தெரிந்த கைகளும் இன்னும் கிடைக்கின்றன.

பழைய ஆம்ப்பை வெளியே வாங்குவதாக இருந்தால், ஜப்பானிலிருந்து கன்டெய்னரில் வந்து இறங்கும் சாமான்களில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், விலையும் ஆசை காட்டும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் செருகினால் ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரே கருகும். பின்பக்க லேபிளில் 'ஏசி 100' என்று இருக்கிறதா, வோல்ட்டைத் திருப்பும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டையான இரண்டு முனைப் பிளக் கண்டாலே சந்தேகப்படுங்கள். யாரோ நம் மூன்று முனைப் பிளக்கை மாட்டி வைத்திருந்தாலும் உள்ளே மாறியிருக்காது, லேபிள்தான் சாட்சி. 100 வோல்ட் ஆம்ப்பை வைத்தே தீர வேண்டும் என்றால், லேபிளில் உள்ள வாட்டைப் போல் இரண்டு மடங்காவது தாங்கும், 230 வோல்ட்டை 100ஆகக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 200 வாட் இழுக்கும் ஆம்ப்புக்கு 500 விஏ வாங்குங்கள். அது கனக்கும், சூடாகும், லேசாக முனகும். அதன் விலையையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு பாதி கரைந்திருக்கும்.

வாங்கும் இடம். கோலாலம்பூர் பக்கம் வரும் வாய்ப்பிருந்தால் பெட்டாலிங் ஜெயா ஆம்கார்ப் மாலில் ஹைஃபை கடைகள் அடுத்தடுத்து இருப்பதால் காதால் ஒப்பிட முடியும். உங்கள் ஸ்பீக்கரையே தூக்கிக்கொண்டு போனாலும் நல்ல கடைக்காரர் கோபிக்க மாட்டார். ஆன்லைனில் வாங்கினால் 'ஏபி செட்' எனப்படும் தனி இறக்குமதியா, உள்ளூர் விநியோகஸ்தர் வாரண்டியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வைஃபையும் புளூடூத்தும் உள்ள சாமான் என்பதால் முறையாக வந்ததில் சிரிம் சான்று இருக்கும். பிளக் நம் மூன்று முனை இல்லாமல் வேறாக இருந்தால், லேபிளில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகே செருகுங்கள். ரசீதைப் படம் பிடித்து வையுங்கள். வாரண்டியை மதிக்க மறுக்கும் கடை மீது பயனீட்டாளர் திரிபுனலில் 5 ரிங்கிட் கட்டி நீங்களே மனுப்போடலாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அந்தப் பாதை புரியவில்லை என்றால் உங்கள் ஊரிலேயே பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது.

பயன்படுத்திய ஸ்ட்ரீமிங் ஆம்ப் வாங்குவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து அதை நீக்கியிருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன், அவர் கண்முன்னே ஃபேக்டரி ரீசெட் செய்து, உங்கள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் புதிதாகச் சேர்த்துப் பாட்டு ஓடுகிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் முட்டும் சிக்கல் நெட்வொர்க்தான். 'செயலி ஆம்ப்பைக் கண்டுபிடிக்க மாட்டேன் என்கிறது' என்ற புகாரில் பெட்டி குற்றவாளியாக இருப்பது குறைவு. ஃபைபர் இணைப்போடு கொடுத்த ரௌட்டர் ஒன்று, அதன் பின்னால் வைஃபையை வீடு முழுக்கப் பரப்ப நீங்கள் வாங்கிப் போட்ட மெஷ் ஒன்று என இரண்டும் தனித்தனியே வைஃபை கொடுத்துக்கொண்டிருக்கும். ஆம்ப் ஒன்றில், கைப்பேசி மற்றொன்றில். இணையம் இரண்டிலும் வரும், ஆனால் ஒன்றை ஒன்று பார்க்காது. மெஷ்ஷை 'ஆக்சஸ் பாயிண்ட்' முறைக்கு மாற்றி, பழைய ரௌட்டரின் வைஃபையை அணைத்துவிட்டால் தீர்ந்தது. கெஸ்ட் வைஃபையில் ஆம்ப்பைச் சேர்த்தாலும் இதே கதைதான். அடுக்குமாடியில் சுற்றியுள்ள எல்லா வீட்டு வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதிக்கொள்வதால் பாட்டு இடையிடையே அறுந்தால் 5 கிகாஹெர்ட்ஸில் சேருங்கள். ரௌட்டர் பக்கத்திலேயே இருந்தால் லேன் கேபிள் இன்னும் உறுதி.

ஸ்பீக்கர் வயருக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். 5 மீட்டருக்குள் 1.5 சதுர மில்லிமீட்டர் போதும், 2.5 இருந்தால் நிம்மதி. ஆனால் செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். தடை அதிகம், முனை சீக்கிரம் முறியும். வெட்டிய முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது அதுதான். தகரம் பூசிய செம்பும் வெளியே வெள்ளையாக இருக்கும், ஆனால் சுரண்டினால் உள்ளே சிவக்கும்.

பொருத்தும்போது ஆம்ப்பின் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டே வேலை செய்யுங்கள். முன்பு சொன்ன பிரிட்ஜ் முறையால் ஒரு முக்கியமான விதி வருகிறது: இந்த ஆம்ப்புகளின் கறுப்பு முனை எர்த் அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. இடது வலது கறுப்பு முனைகளை ஒன்றாக முறுக்கக் கூடாது. பழைய காலத்து ஸ்பீக்கர் செலக்டர் பெட்டிகள் பல, உள்ளே இரண்டு கறுப்பையும் ஒன்றாக இணைத்திருக்கும். அதை நடுவில் வைத்தால் ஆம்ப் பாதுகாப்பு முறைக்குப் போய் அணையும், மலிவான பெட்டி என்றால் புகையும். வயரின் ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் அதே கதி. வயர் முனையில் பனானா பிளக் (அப்படியே செருகும் உலோக முனை) போட்டுவிடுவது நல்லது.

பெட்டியை மூடிய டிவி அலமாரிக்குள் தள்ளாதீர்கள். கிளாஸ் டி அதிகம் சுடாதுதான், ஆனால் நம் அறையே 31, 32 பாகை. மேலேயும் பக்கத்திலும் ஒரு கையகலம் காற்றுக்கு விடுங்கள். ஸ்டாண்ட்பையில் இருக்கும் இளஞ்சூடு பல்லிக்கும் எறும்புக்கும் மிகவும் பிடிக்கும். காற்றுத் துளைகளை மாதம் ஒருமுறை பாருங்கள். உங்கள் பழைய ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தையும் விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். ரப்பர் என்றால் கவலையில்லை. ஃபோம் என்றால் நம் ஈரப்பதத்தில் அது பொடிந்து உதிர்ந்துகொண்டிருக்கலாம். வளையம் மட்டும் மாற்றிக்கொள்ளலாம், ஸ்பீக்கரை எறிய வேண்டாம். புது ஆம்ப்பில் பாஸ் கொரகொரவென்று வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக அறை. டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், கண்ணாடிக் கதவு. எந்த ஆம்ப்பாலும் இதை மறைக்க முடியாது. ஸ்பீக்கருக்கும் சோஃபாவுக்கும் நடுவே ஒரு கனத்த கம்பளமும், கண்ணாடிக்குத் துணித் திரையும் போடுங்கள். 1,000 ரிங்கிட் கூடுதல் ஆம்ப் தராத தெளிவை இவை தரும். உங்கள் ஹாலின் 12 அடி அகலத்துக்கு 48 ஹெர்ட்ஸை ஒட்டியும், 18 அடி நீளத்துக்கு 32 ஹெர்ட்ஸை ஒட்டியும் பாஸ் வீங்கும். உங்கள் சின்ன ஸ்பீக்கர் 32க்குப் பெரும்பாலும் இறங்காது. 48தான் தொல்லை கொடுக்கும். ஸ்பீக்கரைப் பின் சுவரிலிருந்து ஓர் அடி, முடிந்தால் ஒன்றரை அடி முன்னால் இழுங்கள். அப்புறமும் வீங்கினால் செயலியின் ஈக்வலைசரில் 48 ஹெர்ட்ஸில் 3 அல்லது 4 டெசிபெல் இறக்குங்கள். கைப்பேசி மைக்கால் அறையை அளந்து தானே திருத்தும் வசதி இருந்தால், திருத்தத்தை 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு கைப்பேசி மைக்கும் ஒவ்வொரு விதமாகக் கேட்பதால் குரலின் இயல்பு கெடும். ஏற்றும் திருத்தங்களை விட்டு, இறக்குவதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பள்ளத்தை நிரப்ப 6 டெசிபெல் ஏற்றினால் அந்த இடத்தில் ஆம்ப் நான்கு மடங்கு வாட் தர வேண்டியிருக்கும்.

அம்மாவிடம் ரிமோட்டைக் கொடுக்கும் முன், அமைப்பில் வால்யூம் உச்சவரம்பை 70 சதவிகிதத்துக்கு வையுங்கள். கைப்பேசியில் விரல் வழுக்கினாலும், டிவியிலிருந்து திடீரென்று விளம்பரம் அலறினாலும், ஸ்பீக்கர் தப்பும்.